ஓடும் நிலையில் ஒன்றாவது வேண்டும்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீராவி இன்ஜினைக் காப்பாற்றி வைப்பதில் உங்களுக்கு மறுப்பில்லை. அதில் நெருப்பு இருக்கிறது, ஆவி இருக்கிறது, சிறு பிள்ளைகள்கூட அதைப் படமாக வரைகிறார்கள். ஆனால் டீசல் இன்ஜினில் அப்படி என்ன இருக்கிறது, கரும்புகை கக்கும் இரும்புப் பெட்டிதானே, ஓய்வு பெற்றால் உருக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஷெட் வாசலில் ஒன்றுக்குப் பெயிண்ட் அடித்து மேடையேற்றி நிறுத்தியிருக்கிறார்களே, அது போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் நியாயமான கேள்விகள். உங்களைப் போலவே நினைக்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இதைப் பேச வேண்டிய காலமும் இதுதான். நீராவி இன்ஜின்கள் போன பிறகுதான் நமக்கு அவற்றின் அருமை தெரிந்தது. டீசல் விஷயத்தில் அவை போய்க்கொண்டிருக்கும்போதே பேசுகிற வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

முதலில், அந்த இரும்புப் பெட்டி யார் என்று சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டு அகல ரயில் பாதையில் நெடுங்காலம் டீசல் என்றால் பெரும்பாலும் ஆல்கோதான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்ற ஊரில் இருந்த அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. 1962இல் அங்கிருந்து முதல் டபிள்யூடிஎம்-2 லோகோக்கள் கப்பலில் வந்து இறங்கின. 2,600 குதிரைத்திறன், பதினாறு சிலிண்டர், ஆறு அச்சு, ஏறக்குறைய 113 டன் எடை. முதல் தொகுதி முழுதாகக் கட்டி முடித்தே வந்தது. அடுத்து வந்தவை பாகங்களாக வந்து இங்கே கோக்கப்பட்டன. பிறகு வாரணாசி டீசல் லோகோ தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்யத் தொடங்கினார்கள். அங்கே உருவான முதல் லோகோவை 1964 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் இ.எம்.டி. நிறுவனத்திடமிருந்தும் டபிள்யூடிஎம்-4 என்ற இன்னொரு வகை வாங்கப்பட்டது. அதுவும் நல்ல லோகோதான். 1969இல் ஓடத் தொடங்கிய முதல் ராஜ்தானியை இழுத்த வகை அது. ஆனால் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுக்க ஆல்கோ முன்வந்தது. ரயில்வே அதைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஒரு முடிவால் அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளின் போக்கே மாறிப்போனது.

1969இல் ஆல்கோ நிறுவனம் லோகோ கட்டுவதையே நிறுத்திவிட்டது. பெற்ற தாய் போய்விட்டாள். பிள்ளை இங்கே வளர்ந்தது. 1998 வரை 2,500க்கும் மேற்பட்ட டபிள்யூடிஎம்-2 லோகோக்கள் தண்டவாளத்துக்கு வந்தன. சரக்கு, எக்ஸ்பிரஸ், பாசஞ்சர் எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி. நம் பொறியாளர்கள் அதே இன்ஜினைத் தட்டித் திருத்தி 3,100 குதிரைத்திறனுக்கும், பிறகு 3,300க்கும் கொண்டுபோனார்கள். பஞ்சத்தில் கோதுமை ஏற்றிச் சென்றதும், அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுபோனதும், தேர்வெழுதப் போன பிள்ளைகளை ராத்திரியெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடியதும் இதுதான். உலகத்தில் வேறெங்கும் ஆல்கோவை இவ்வளவு காலம், இவ்வளவு எண்ணிக்கையில் வைத்து உழைத்தவர்கள் கிடையாது. அமெரிக்காவில் பிறந்த வடிவம் என்றாலும் இது இந்தியத் தொழிலாளியின் கையில் வளர்ந்த வரலாறு.

நம் பக்கத்துக்கு வருவோம். மீட்டர் கேஜ் காலத்துத் தமிழ்நாட்டை நினைத்துப் பாருங்கள். எழும்பூரிலிருந்து தெற்கே போன பாண்டியனும் நெல்லையும் வைகையும் எதன் பின்னால் ஓடின? ஒய்டிஎம்-4. அதுவும் ஆல்கோ குடும்பம்தான். ஆறு சிலிண்டர், சின்ன உடம்பு. 1977 ஆகஸ்ட் 15 அன்று மதுரைக்கும் சென்னைக்கும் இடையே வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது மீட்டர் கேஜில் அவ்வளவு வேகமான ரயில் வேறில்லை என்ற பெயரை வாங்கிக்கொடுத்தது அந்தச் சின்ன உடம்பு. ஒரே கேஜ் திட்டம் வந்து மீட்டர் கேஜ் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டபோது, அந்த லோகோக்களில் பல திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதுப்பிக்கப்பட்டு வெளிநாடுகளுக்குப் போயின. மீதி பழைய இரும்பாயின. இன்றும் குன்னூரிலிருந்து உதகமண்டலம் வரை மலை ரயிலை ஒய்டிஎம்-4 இழுத்துக்கொண்டு போவதை நீங்கள் பார்க்கலாம். கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரம் பிடித்து ஏறி வரும் நீராவி இன்ஜினைப் படம் எடுக்க நூறு பேர் நிற்கிறார்கள். குன்னூரில் அதனிடமிருந்து பெட்டிகளை வாங்கிக்கொண்டு போகும் டீசலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சரி, ஏன் போகின்றன? இரண்டு காரணம். ஒன்று வயது. ஒரு டீசல் லோகோவின் ஆயுள் 36 ஆண்டு என்று ரயில்வே விதி வைத்திருக்கிறது. இன்னொன்று மின்மயம். அகல ரயில் பாதை ஏறத்தாழ முழுவதும் மின்கம்பியின் கீழே வந்துவிட்டது. மின்சார லோகோ சிக்கனம், சுத்தம், பலம். அதை மறுத்துப் பேச எதுவும் இல்லை. வாரணாசித் தொழிற்சாலையே இப்போது மின்சார லோகோ கட்டுகிறது. 2020இல் பெயரிலிருந்த டீசலையும் எடுத்துவிட்டு பனாரஸ் லோகோமோட்டிவ் வொர்க்ஸ் ஆகிவிட்டது. டீசல் போவது நியாயம். எல்லாமே போவதுதான் அநியாயம்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். பதினெட்டு வருடம் ஓடிய லோகோவைப் பாட்டியாலா ரயில்வே பணிமனையில் கழற்றிப் புதுப்பிக்கும் வழக்கம் இருந்தது. அப்படிப் போன பல டபிள்யூடிஎம்-2 திரும்பி வரும்போது டபிள்யூடிஎம்-3ஏ ஆகி வந்தன. டிசி ஜெனரேட்டர் போய் ஆல்டர்னேட்டர் வந்தது, கண்ட்ரோல் மாறியது, பிரேக் மாறியது. ஆகவே பிறந்தபோது இருந்த உள்ளமைப்போடு இன்று ஒரு டபிள்யூடிஎம்-2 கிடைப்பது நீங்கள் நினைப்பதைவிட அரிது. ஆயிரக்கணக்கில் இருந்தது என்பதாலேயே ஒன்றுகூட மிஞ்சாமல் போகும் ஆபத்து இருக்கிறது. எல்லாரும் இன்னொன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. மேடையேற்றி நிறுத்தினால் போதாதா?

போதாது. ஏன் என்று சொல்ல, நின்றுபோன ஒரு லோகோவைத் திரும்ப உயிர்ப்பிப்பது எப்படி என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

நெடுநாள் நின்ற ஆல்கோவில் யாரும் நேராகப் போய் ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவதில்லை. முதலில் ஹூட்டின் பக்கவாட்டுக் கதவுகளை வரிசையாகத் திறப்பார்கள். கிராங்க் கேஸில் எண்ணெய் அளவு, ரேடியேட்டரில் தண்ணீர் அளவு, பாட்டரி, கவர்னர் எல்லாம் பார்த்தாயிற்று. அதன் பிறகு சிலிண்டர் தலைகளில் உள்ள சிறு அடைப்பான்களைத் திறந்துவிட்டு, இன்ஜினை நெம்புகோல் போட்டுக் கையாலேயே மெல்லச் சுற்றுவார்கள். ஒரு ஆள் சுற்றுவார். இன்னொருவர் டார்ச் அடித்துக்கொண்டு பதினாறு துவாரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார். எந்தத் துவாரத்திலிருந்தாவது தண்ணீர் தெறித்தால் வேலை அங்கேயே நிற்கும். எங்கோ ஒரு சீல் விட்டு, குளிர்விக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எல்லாம் சரி என்றால் அடைப்பான்களை மூடிவிட்டு கிராங்க் செய்வார்கள். தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. மின்சாரம் தர வேண்டிய மெயின் ஜெனரேட்டரே அந்த நேரத்துக்குப் பாட்டரி மின்சாரத்தை வாங்கி மோட்டாராகச் சுழன்று இன்ஜினைச் சுற்றிவிடும். இரண்டு மூன்று சிலிண்டர் முதலில் பிடிக்கும், பிறகு நாலைந்து, பிறகு பதினாறும். தரை அதிரும். புகைபோக்கியிலிருந்து வெள்ளையும் கறுப்புமாகக் கலந்து வரும் புகை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். நிமிடத்துக்கு நானூறு சுற்றில் அந்த ஐட்லிங் ஓசை சீராகும்போது, மூத்த ஃபிட்டர்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை. காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள். எந்த இன்ஜெக்டர் சொட்டுகிறது, எந்த வால்வு இடிக்கிறது என்று அந்தக் காது சொல்லிவிடும்.

நீங்கள் சொன்ன கரும்புகை இருக்கிறதே, அதற்கும் காரணம் உண்டு. டிரைவர் எட்டு நாட்ச் உள்ள திராட்டிலை மேலே தள்ளும்போது டீசல் உடனே கூடிவிடுகிறது. காற்றைத் திணிக்கிற டர்போ சார்ஜர் வேகம் பிடிக்கச் சில வினாடி ஆகும். அந்த இடைவெளியில் முழுதாக எரியாத எரிபொருள்தான் கறுப்பாகப் போகிறது. டர்போ எட்டிப் பிடித்ததும் புகை மெலிந்துவிடும். அதைப் பார்த்தே நல்ல டிரைவர் நாட்ச்சை எவ்வளவு நிதானமாக ஏற்றுகிறார் என்று சொல்லிவிடலாம்.

நண்பரே, இவ்வளவும் மேடையில் நிற்கும் லோகோவில் கிடையாது. பெரும்பாலும் அதன் உள்ளுறுப்புகளில் பயன்படுகிறவற்றை முதலிலேயே கழற்றிக்கொண்டுவிடுவார்கள். வெளியே புதுப் பெயிண்ட் பளபளக்கும். கூரையின் இணைப்புகள் வழியே மழைநீர் இறங்கும். ரப்பர் குழாய்கள் வெடிக்கும். எலிகள் கேபிளைக் கடிக்கும். தாங்கிகள் ஒரே நிலையில் நின்று நின்று அவற்றில் தடம் விழும். மேற்பெயிண்டுக்குக் கீழே துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் வைத்த நாகஸ்வரத்தைப் பார்த்து ஒரு ராகத்தைத் தெரிந்துகொள்ள முடியுமா? மேடையில் நிற்கும் லோகோவும் அப்படித்தான். உருவம் இருக்கிறது, வித்தை இல்லை. தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஆல்கோவிலிருந்து முதலில் வந்த டபிள்யூடிஎம்-2, எண் 18040, நிற்கிறது. அது அங்கே இருப்பது மிகப் பெரிய நன்மை. ஆனால் அந்த வகையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாம் கைகட்டி உட்கார அது காரணமாகிவிடக் கூடாது.

இதை வேறு நாடுகள் எப்படிச் செய்தன என்று பார்த்தால் நமக்கு வழி தெரியும்.

பிரிட்டனில் டெல்டிக் என்று ஒரு வகை. 1961, 62இல் மொத்தமே இருபத்திரண்டுதான் கட்டினார்கள். 3,300 குதிரைத்திறன், மணிக்கு நூறு மைல் வேகம். லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே ஐம்பதுக்கும் மேற்பட்ட பெரிய நீராவி இன்ஜின்கள் செய்த வேலையை இந்த இருபத்திரண்டும் எடுத்துக்கொண்டன. உள்ளே இருந்தது கடற்படைப் படகுகளுக்காக நேப்பியர் நிறுவனம் செய்த இன்ஜின். முக்கோண வடிவம், மூலைக்கு ஒன்றாக மூன்று கிராங்க் ஷாஃப்ட், பதினெட்டு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன். அப்படி இரண்டு இன்ஜின் ஒரு லோகோவில். அந்தச் சிக்கலை நினைத்துப் பாருங்கள்.

புதிய அதிவேக ரயில்கள் வந்ததும் டெல்டிக்கின் நாள் முடிந்தது. 1982 ஜனவரி 2 அன்று கடைசி ஓட்டம். டான்காஸ்டர் பணிமனையில் வெட்டத் தொடங்கினார்கள். ஆனால் ஓய்வு வருவதற்கு முன்பே, 1977இலேயே, ரசிகர்கள் ஒரு சங்கம் அமைத்துப் பணம் சேர்க்க ஆரம்பித்திருந்தார்கள். டெல்டிக் பாதுகாப்புச் சங்கம் என்று பெயர். அவர்கள் 1982இல் இரண்டை வாங்கினார்கள். 1986இல் மூன்றாவதையும் வாங்கினார்கள். வேறொரு குழு இரண்டைக் காப்பாற்றியது. தேசிய அருங்காட்சியகம் ஒன்றை எடுத்துக்கொண்டது. ஆக இருபத்திரண்டில் ஆறு இன்று இருக்கின்றன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். வார விடுமுறையில் வந்து, கையில் கிரீஸ் பூசிக்கொண்டு, அந்த முக்கோண இன்ஜினைப் பிரித்துக் கோக்கக் கற்றுக்கொண்டார்கள். டெர்பிஷயரில் உள்ள பாரோ ஹில் பழைய ரயில் ஷெட்டில் அவர்களுக்குச் சொந்தப் பணிமனையே இருக்கிறது.

பலன் என்ன? காப்பாற்றியவற்றுள் ராயல் ஸ்காட்ஸ் கிரே என்ற லோகோ 1996இல் மீண்டும் முதன்மைப் பாதையில் பயணிகள் ரயிலை இழுத்தது. 2011இல் சரக்கு ரயில் நடத்தும் ஒரு நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்து அலுமினாச் சரக்கை இழுக்க வைத்தது. கட்டி ஐம்பது வருடம், ஓய்வு பெற்று இருபத்தொன்பது வருடம் ஆன பிறகு!

காப்பாற்றத் தவறியதன் விலையையும் அதே நாடு காட்டுகிறது. பிரிட்டனின் முதல் முதன்மைப்பாதை டீசல், எல்எம்எஸ் 10000, 1947இல் டெர்பியில் கட்டப்பட்டது. அதையும் அதன் இரட்டையையும் 1968இல் வெட்டிப் போட்டுவிட்டார்கள். இன்று ஒரு சங்கம், கிடைத்த ஒரு பழைய இன்ஜினையும் வேறு வகை லோகோ ஒன்றையும் வைத்துக்கொண்டு அதைத் திரும்பக் கட்டப் பாடுபடுகிறது. பேபி டெல்டிக் என்று பத்தே பத்து லோகோ இருந்தது, பத்தும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு இன்ஜின். அதை வைத்து, இன்னொரு வகை லோகோவின் உடலை வெட்டிக் குறுக்கி, பதினோராவது ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய இரும்பு விலைக்கு வாங்கியிருக்கக்கூடியதை, வாழ்நாள் உழைப்பைக் கொடுத்துத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கம். ஆல்கோ கட்டியவற்றுள் அழகில் முதலிடம் என்று பலர் சொல்வது பிஏ வகை. நீண்ட மூக்கு, பயணிகள் ரயிலுக்கென்றே 1946 முதல் கட்டியது. கடைசியில் மிஞ்சிய நான்கும் 1978இல் மெக்சிகோவுக்குப் போய்ச் சேர்ந்தன. அமெரிக்க மண்ணில் ஒன்றுகூட இல்லை. 2000இல் இரண்டு திரும்பி வந்தன, பாழடைந்த கூடுகளாக. நீராவி லோகோ ஓட்டுவதில் பெயர் பெற்ற டாய்ல் மெக்கார்மக், அவற்றுள் ஒன்றை ஓரிகன் மாநிலத்தில் வைத்துப் பல வருடம் உழைத்து மீட்டெடுத்தார். அதன் சொந்த 244 வகை இன்ஜினுக்குப் பதிலாக அவர் பொருத்தியது கனடாவில் ஓடிய ஒரு லோகோவின் ஆல்கோ 251. நம் டபிள்யூடிஎம்-2க்குள்ளும் ஒய்டிஎம்-4க்குள்ளும் இருப்பதும் அதே 251 குடும்பம்தான். அந்தக் குடும்பத்தை உலகத்திலேயே அதிகம் பழகிய கைகள் பொன்மலையிலும் ஈரோட்டிலும் எர்ணாகுளத்திலும் குண்டக்கல்லிலும் இருக்கின்றன. இந்தச் சொத்தின் மதிப்பு நமக்குத்தான் தெரியவில்லை.

பக்கத்தில் இலங்கைக்கு வாருங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1950களில் கொடுத்த எம்2 வகை டீசல்களை அவர்கள் அறுபது ஆண்டு தாண்டியும் ஓடவிட்டவர்கள். அவற்றில் 591ஆம் எண், மனிடோபா என்று பெயர். 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் சுனாமி அடித்துப் புரட்டிய ரயிலை இழுத்துக்கொண்டு போனது அதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த இடத்திலிருந்து உருக்குலைந்த லோகோவை மீட்டுப் பழுது பார்த்தார்கள். அதன் உடலில் ஓர் அலையை வரைந்தார்கள். நினைவு நாளில் அது அதே பாதையில் பெரலியவுக்கு வந்து நிற்கும். மாண்டவர்களின் உறவினர்கள் அங்கே கூடுவார்கள். டீசல் இன்ஜினில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே. அந்தக் கரையில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன என்று என் கருத்தைச் சொல்கிறேன்.

ஒன்று, தேர்வு. கழிவு அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. இன்றே வகைக்கு ஒன்று எது என்று முடிவு செய்ய வேண்டும்: அதிகம் மாற்றப்படாத டபிள்யூடிஎம்-2 ஒன்று, முகப்புக் குட்டையாகி அகலக் கண்ணாடி வைத்த ஜம்போ ஒன்று, டபிள்யூடிஜி-3ஏ ஒன்று, ஒய்டிஎம்-4 ஒன்று. பெயின்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பிரேம், இன்ஜின் பிளாக், மின் அமைப்பு ஆகியவற்றின் நிலைமையைப் பார்த்து, அந்த லோகோவை நன்கு அறிந்த ஷெட் ஆட்களைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு, உதிரி. ஒரு லோகோவைக் காப்பாற்றினால் கூடவே இன்னொன்றின் உறுப்புகளையும் எடுத்து வைக்க வேண்டும். சிலிண்டர் ஹெட், லைனர், பிஸ்டன், டர்போ, கவர்னர், எரிபொருள் பம்ப், டிராக்ஷன் மோட்டார், எக்ஸ்பிரஸர். இன்று இவை ஷெட் ஸ்டோர்களில் வேண்டாத பொருளாகக் கிடக்கின்றன. மொத்தமாகப் பழைய இரும்பு ஏலத்தில் போய்விட்டால், பிறகு ஒரு கேஸ்கட்டுக்குத் தனியாக அச்சு செய்ய வேண்டிவரும். டெல்டிக் சங்கம் தாக்குப்பிடித்ததற்குப் பெரிய காரணம், அவர்கள் லோகோவோடு உதிரி இன்ஜின்களையும் வாங்கி வைத்ததுதான்.

மூன்று, தாள்கள். வரைபடம், பராமரிப்புக் கையேடு, ஒயரிங் டயகிராம், ஒவ்வொரு லோகோவின் பழுதுப் பதிவேடு. லோகோ போனால் பதிவேடும் குப்பைக்குப் போகிறது. எந்த ஷெட்டில் பிறந்து எங்கெல்லாம் மாறி, எத்தனை முறை பெரிய பழுது பார்க்கப்பட்டு, என்ன விபத்தைக் கண்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஸ்கேன் செய்து வைக்க ஒரு மேசையும் இரண்டு ஆட்களும் போதும்.

நான்கு, மனிதர்கள். இதுதான் அவசரம். 251 இன்ஜினைக் காதால் படித்த தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. வால்வு இடைவெளியை எப்படி வைப்பது என்று கையேட்டில் இருக்கும். கையேட்டில் இல்லாதது ஏராளம். ஈரமான மார்கழிக் காலையில் எந்த லோகோ எப்படி முரண்டு பிடிக்கும், ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் மணலை எப்போது விட வேண்டும், எந்த ஓசைக்கு வண்டியை உடனே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஐந்து, ஓட்டம். வருடத்தில் சில நாட்களாவது அது தன் சக்தியில் ஓட வேண்டும். புகை என்பீர்கள். ஒரு சில நாள் ஓடும் நான்கைந்து லோகோவால் வானம் கெட்டுவிடாது. அதற்கும் மேல் அக்கறை இருந்தால் பணிமனை வளாகத்துக்குள் ஓட்டிக் காட்டலாம். செலவு என்பீர்கள். செலவுதான். ஆனால் நீராவிக்கு நாம் அதைச் செய்துகாட்டியிருக்கிறோம். 1855இல் பிறந்த ஃபேரி குயினை 1990களில் மீண்டும் ஓட வைத்தது நம் பெரம்பூர்ப் பணிமனை. அதன் சமகாலத்து இ.ஐ.ஆர். 21ஐ 2010இல் உயிர்ப்பித்ததும் அதே பெரம்பூர்தான். நீலகிரிக்குப் புதிய நீராவி இன்ஜினையே கட்டிக் கொடுத்தது பொன்மலை. அரியானாவின் ரேவாரியில் நீராவிக்கென்றே ஒரு ஷெட் உயிரோடு இருக்கிறது. நீராவிக்கு ரேவாரி என்றால் டீசலுக்குப் பொன்மலை என்று ஏன் இருக்கக் கூடாது? 1928 முதல் இயங்கும் பணிமனை. ஆல்கோவைக் கழற்றிக் கோத்த அனுபவம். பக்கத்திலேயே ரயில் அருங்காட்சியகம். இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் அதிகம் இல்லை.

ரயில்வே மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். ஓய்வு பெற்ற லோகோ ஒன்றை முழுசாக, ஓடும் நிலையில், பொறுப்புள்ள ஓர் அறக்கட்டளைக்கோ பொறியியல் கல்லூரிக்கோ கொடுக்கும் எளிய, தெளிவான வழி இருந்தால் இங்கேயும் ஆட்கள் வருவார்கள். மெக்கானிக்கல் படிக்கும் மாணவர்களுக்குப் பதினாறு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைப் பிரித்துக் கோக்கக் கிடைத்தால், அதைவிடப் பெரிய பரிசோதனைச் சாலை எது?

கடைசியாக, உங்களுக்கு. நீங்கள் லோகோ வாங்க வேண்டாம். உங்கள் ஊரில், உங்கள் தெருவிலேயே, டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் யாராவது இருப்பார். டிரைவராக இருந்தவர், ஃபிட்டராக இருந்தவர், எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டு மேசைமேல் வையுங்கள். எந்த லோகோ எண் அவருக்கு இன்னும் நினைவில் இருக்கிறது என்று கேளுங்கள். மீதியை அவரே சொல்வார். அவரிடம் பழைய கையேடோ, பயிற்சி நோட்டோ, புகைப்படமோ இருந்தால் பக்கம் விடாமல் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் கோட்ட ரயில்வே மேலாளருக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும். ஒரே ஒரு கோரிக்கை போதும்: ஆல்கோ லோகோக்களில் வகைக்கு ஒன்றையாவது, உதிரிகளோடும் பதிவேடுகளோடும், ஓடும் நிலையில் தமிழ்நாட்டில் வைத்துக் காப்பாற்றுங்கள். கடைசி லோகோ ஏலத்துக்குப் போவதற்குள் அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும். அதனால் இந்த வாரமே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்